எந்த மாசத்தில் வந்து கேட்டீர்கள்? – பந்தல்குடி கரிசல்காட்டுக் கோரிக்கைச் சாசனம்

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்துக்கும் நிதி ஆயோக்குக்கும் தமிழ்நாடு அரசுக்கும், பந்தல்குடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் மானம் பார்த்த பூமியை நம்பிப் பிழைக்கும் சம்சாரிகளும் கூலியாட்களும் கரிமூட்டம் போடுகிறவர்களும் வைக்கும் கோரிக்கைகள் இவை.

1991இல் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு வறுமை எவ்வளவு குறைந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1993-94இல் நூற்றுக்கு 36 பேர் ஏழை, 1999-2000இல் 26 பேர் என்றது திட்டக் குழு. ஆறே வருசத்தில் பத்துப் பேர் கரையேறிவிட்டார்களாம். இடையில் செலவுக் கணக்கெடுப்பின் கேள்வி மாறியதைக் கொண்டாடியவர்கள் கவனிக்கவில்லை. முன்பு சாப்பாட்டுச் செலவை 30 நாளுக்கு மட்டும் கேட்டவர்கள், 1999-2000இல் 7 நாளுக்கும் 30 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள். ஏழு நாள் கணக்கைச் சொன்ன வாய், முப்பது நாளுக்கும் அதைப் பெருக்கித்தானே சொல்லும்? செலவு கூடித் தெரிந்தது. ஏழை குறைந்து தெரிந்தான். பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் அந்த எண்ணைத் திருத்திப் பார்த்தார். குறைந்தது உண்மை, அந்த அளவுக்கு இல்லை என்றார். கலோரியை வைத்துப் பார்த்தால் கதையே வேறு என்றார் பொருளியலாளர் உத்சா பட்நாயக்.

அதே கேள்வியை எங்கள் அடுப்படியில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் சின்னப் பாக்கெட்டில் வருகிறது, அதுவும் கடை நோட்டில் பற்று. அரிசி ரேஷனில் இனாம். விறகு கண்மாய்க்குள் வெட்டிய சீமைக்கருவேல முள். மாசத்துக்கு எண்ணெய் எத்தனை லிட்டர் என்று கேட்டால் அடுப்படியில் நிற்கிற அக்கா என்ன சொல்வார்? லிட்டர் கணக்கில் வாங்கி எத்தனையோ காலம் ஆயிற்று. தை, மாசியில் வந்தால் வீட்டில் சோளமும் மல்லியும் கிடக்கும். ஆனி, ஆடியில் வந்தால் பற்று நோட்டு மட்டும்தான்.

ஆகவே, வீடு, உதவித்தொகை எதற்குப் பட்டியல் எடுத்தாலும் ஒரே வீட்டில் இரண்டு தடவை கேட்க வேண்டும்: அறுவடை முடிந்து ஒரு தடவை, வறண்ட மாசத்தில் ஒரு தடவை. கேள்வித்தாளைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே ஒட்ட வேண்டும்.

வறுமைக் கோட்டின் கதை இன்னும் மோசம். 2004-05இல் நூற்றுக்கு 27.5 பேர் ஏழை என்றிருந்ததை, 2009இல் டெண்டுல்கர் குழு 37.2 ஆக்கியது. அதே வருசம், அதே ஆட்கள். கோடுதான் நகர்ந்தது. நகர்ந்த பிறகும் கிராமத்தில் ஆளுக்கு மாசம் 447 ரூபாய்தான். 2011இல் உச்ச நீதிமன்றத்தில் கிராமத்துக்கு நாளைக்கு 26 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2014இல் ரங்கராஜன் குழு 32 என்றது. அதை அரசு ஏற்கவில்லை. 2017-18 செலவுக் கணக்கை எடுத்துவிட்டு வெளியிடாமலே விட்டார்கள்.

இதில் எங்களுக்கு ஆறாத ஒன்று உண்டு. வட்டிக்கு வாங்கி மதுரை ஆஸ்பத்திரியில் கட்டினால் அந்தப் பணம் எங்கள் 'செலவு' என்று ஏறுகிறது; காகிதத்தில் நாங்கள் வசதியானவர்கள். கட்டுகிற வட்டி எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. புதிய கோடு போடுங்கள். கடனில் செய்த வைத்தியச் செலவைத் தனியாகக் காட்டுங்கள். முடக்கிய 2017-18 கணக்கையும் முழுதாக வெளியிடுங்கள்.

பொருளைப் பார்த்து ஆளை வெட்டுகிற வழக்கத்தை நிறுத்துங்கள். 1997 கணக்கெடுப்பில் டிவி இருந்தால் ஏழை இல்லை. 2006க்குப் பிறகு மாநில அரசே வீடு வீடாக டிவி கொடுத்தது! 2011 கணக்கெடுப்பில் மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி இருந்தாலே வெளியே. கரிமூட்டை ஏற்ற வாங்கிய பழைய வண்டிக்காக வீட்டுத் திட்டத்தில் எங்கள் ஆட்களின் பெயர் விட்டுப்போனது. 2024இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அப்போது விட்டுப்போன பெயர்களை இப்போது திரும்பப் பாருங்கள். 1997இல் டெல்லி ரேஷனுக்குக் கோடு போட்டபோதும் தமிழ்நாடு ரேஷன் கடையை எல்லாருக்கும் திறந்தே வைத்தது. அதில் கை வைக்க வேண்டாம்.

எங்கள் விருதுநகரை 2018இல் முன்னேற விழையும் மாவட்டம் என்று அறிவித்தீர்கள். சிவகாசியையும் எங்களையும் கூட்டி வகுத்த எண் எங்களுக்கு ஆகாது. ஊராட்சி வாரியாகக் கொடுங்கள்.

மே 1 கிராம சபையில் பட்டியலைப் பெயர் பெயராக வாசியுங்கள். ஆட்சேபம் சொன்னால் எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். ஆடியில் கணக்கெடுக்க வருகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரட்டும். பகலில் வீடு பூட்டித்தான் கிடக்கும். 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட வேண்டாம்.