ராரா ஏரிக்கரையில் யாருக்கு இடம்?

நேபாளத்தின் வடமேற்கே, கர்ணாலி மலைப் பிரதேசத்தில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது ராரா ஏரி. அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி அதுவே. பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்கு மேல்; ஆழம் 160 மீட்டருக்கு மேல். சுற்றிலும் ஊசியிலைக் காடு, கஸ்தூரி மான், சிவப்புப் பாண்டா. 1964ல் அங்கு சென்ற மகேந்திர மன்னர் அதன் அழகில் மயங்கிக் கவிதை எழுதினார். 1976ல் ஏரியைச் சுற்றி 106 சதுர கிலோமீட்டர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கவிதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிராமங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

அந்த ஏரிக்கரையில் ராரா, சாப்ரு என்று இரண்டு கிராமங்கள் இருந்தன. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கி, ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த மக்கள் அவர்கள். பூங்கா வந்தது, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பனி பெய்யும் மலையில் பிறந்தவர்களை, வெப்பமும் கொசுவும் மலிந்த தராய் சமவெளியில், பர்தியா மாவட்டத்தில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள்.

அன்று நேபாளத்தில் நடந்தது பஞ்சாயத் ஆட்சி. 1960 டிசம்பரில், மக்கள் தேர்ந்தெடுத்த சர்க்காரை மன்னர் கலைத்தார்; பின்னர் கட்சிகளைத் தடை செய்தார். 1990 வரை அந்தத் தடை நீடித்தது. வீட்டையும் வயலையும் இழந்த விவசாயி யாரிடம் போய் முறையிடுவான்? அவனுக்காகக் குரல் கொடுக்கச் சட்டசபையில் கட்சி இல்லை. பூங்காவைச் சுற்றி ராணுவக் காவல் இருந்தது!

பர்தியாவின் கதை என்ன? அங்கும் 1984ல், வனவிலங்குகளுக்காகப் பாபாய் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள்.

இன்று ராராவைப் பார்க்கப் போகும் பிரயாணி, அதே தராயிலுள்ள நேபாள்கஞ்சில் விமானம் ஏறித் தால்சாவில் இறங்குகிறார். அங்கிருந்து சில மணி நேர நடை. ஏரிக்காரர்கள் இறக்கப்பட்ட சமவெளியிலிருந்து, ஏரியைப் பார்ப்பவர்கள் மேலே ஏறுகிறார்கள்! கர்ணாலியோ நேபாளத்திலேயே மிக வறிய பகுதிகளில் ஒன்று. வெளியிலிருந்து அரிசி வந்தால்தான் அடுப்பெரியும் ஊர்கள் அங்கே பல. அதன் வாலிபர்கள் பிழைப்புத் தேடி நமது நாட்டு நகரங்களுக்கு வந்து காவலாளிகளாகவும் கூலிகளாகவும் உழைக்கிறார்கள்.

நாம் காட்டுக்கும் ஏரிக்கும் விரோதிகள் அல்ல. ராரா காக்கப்பட வேண்டியதே. உழைப்பாளி மக்களும் ஓய்வெடுக்க வேண்டும். உலகத்தின் அழகைக் காண வேண்டும். ஆனால் அந்த ஏரி 1976ல் எப்படித் தெளிவாக இருந்தது? தலைமுறை தலைமுறையாக அதன் கரையில் வாழ்ந்தவர்கள் அதைக் கெடுக்கவில்லை என்பதால்தானே? காத்தவனைக் குற்றவாளியாக்கி வெளியேற்றுவது எந்த ஊர் நியாயம்?

1993ல் நேபாளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவிகிதம் சுற்றுப்புற மக்களின் அபிவிருத்திக்கு என்று வகை செய்யப்பட்டது. 2006ல் ராராவைச் சுற்றியும் அத்தகைய எல்லைப் பகுதி அறிவிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். மக்கள் போராடி 1990ல் பெற்ற ஜனநாயகத்தின் பலன் அது. ஆனால் அந்தப் பங்கு எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்குத்தான். பர்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன கிடைக்கும்? வழி தூரமான இடத்தில் வருமானமே சொற்பம் என்றால், அதில் பாதி எவ்வளவு?

2008ல் மன்னராட்சி ஒழிந்தது. கம்யூனிஸ்டுகளும் பலமுறை பிரதமர்களாக இருந்துள்ளனர். ஆகவே பழியை முழுவதும் மன்னர் மீது போட்டுவிட்டு யாரும் ஒதுங்க முடியாது. தோழர்களுக்கும் இது பொருந்தும்.

வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கும் வாரிசுகளுக்கும் பூங்கா வருமானத்தில் பங்கு வேண்டும். காவல், வழிகாட்டல், விடுதி வேலைகளில் கர்ணாலி மக்களுக்கே முதலிடம் வேண்டும். இனி எந்தப் பூங்காவுக்காகவும், மக்களின் சம்மதமின்றி ஒரு குடிசையும் அகற்றப்படக் கூடாது.

ராராவுக்குப் போகிறவர்கள் போகட்டும், கண்குளிரப் பார்க்கட்டும். கரையில் புல் மூடிக் கிடக்கும் பழைய வயல்களையும் பார்க்கட்டும். அவை யாருடையவை என்று கேட்கட்டும்!