பாலை வெறும் மணல் அன்று

மார்கழி விடுமுறையை உத்தேசித்து ஐப்பசியிலேயே டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு, ஜோத்பூரில் இறங்கி, ஒரு காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, ஜெய்சல்மேர் வரையில் போய்த் தார்ப் பாலைவனத்தைப் பார்த்து வருவதில் நம்மவர் பலருக்கு இப்போது நாட்டம் ஏற்பட்டிருக்கிறது. தேச சஞ்சாரத்தில் ஆசை வளர்வது நல்லதே. ஆனால் அந்தப் பிரயாணத்துக்கு வகுக்கப்படும் திட்டங்களோ, கோட்டைக்கு அரை நாள், பழைய வணிகர் மாளிகைகளுக்கு அரை நாள், சாம் என்னும் ஊரின் மணல்மேட்டில் ஒரு மாலைப் பொழுது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களிலும் 3,162 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்துக்குப் பரந்து கிடக்கும் பாலைவன தேசியப் பூங்காவுக்கு அவற்றில் இடமே இருப்பதில்லை. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, வெறும் பொட்டல்தானே என்ற அபிப்பிராயமே இதற்குக் காரணம். இந்த அபிப்பிராயம் பிரயாணிகளிடம் மட்டும் இருந்தால் அதனால் விளையும் கேடு சொற்பமாகவே இருக்கும். பெரிய திட்டங்களை வகுப்போரிடமும் அது குடிகொண்டிருப்பதால்தான் பாரத தேசத்தின் மகத்தான பறவைகளுள் ஒன்று நம் கண்ணெதிரே அற்றுப்போகும் நிலைக்கு வந்திருக்கிறது.

1980-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம், பெயரளவில் தேசியப் பூங்கா; சட்டத்தின்படி வனவிலங்குச் சரணாலயம். மணல்மேடுகள் இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சிய நிலமெல்லாம் சரளைத் தரை, பாறை மேடு, வற்றிப்போன உப்புப் படுகை, இவற்றுக்கு இடையே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. சேவண் என்று அவ்வூரார் சொல்லும் புல், ஆண்டுக்கு இருநூறு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்யும் மண்ணில் பல ஆண்டுகள் உயிர் தரித்து நிற்கும். காய்ந்து வைக்கோலாகிவிட்டது போலத் தோன்றும் அதன் தூரைக் குனிந்து பார்த்தால், அடியில் வேர்கள் மணலைப் பற்றிக்கொண்டு ஒரு சிறு மேட்டையே எழுப்பியிருப்பது தெரியும். ஒரு மழை விழுந்துவிட்டால் அதே தூரிலிருந்து பசுமை தலைகாட்டும். நம் சிவாலயங்கள் சிலவற்றில் தல விருட்சமாக விளங்கும் வன்னி மரம் அங்கே கேஜ்ரி என்ற பெயரில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தழையையும் மனிதனுக்குக் காயையும் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. சின்காரா மான், பாலை நரி, முள்வால் ஓந்தி, பலவகைக் கழுகுகள், பனிக்காலத்தில் வடதேசங்களிலிருந்து வந்து இறங்கும் பறவைகள் என்று எத்தனையோ ஜீவராசிகளுக்கு ஆதாரமாக இருப்பது அந்தப் புல்வெளியே.

அந்தப் புல்வெளியின் தலைமைப் பிராணி கானமயில். நின்றால் ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவையானால் பதினைந்து கிலோ வரை எடை. தலையில் கறுப்புத் தொப்பி, வெண்மையான நீண்ட கழுத்து. இணை தேடும் காலத்தில் ஆண் பறவை கழுத்தடியிலுள்ள பையைக் காற்றால் நிரப்பித் தரையைத் தொடுவது போலத் தொங்கவிட்டு, வெகு தூரம் கேட்கும் கம்பீரமான ஒலி எழுப்பும். பெண் பறவை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டையை, கூடு என்று எதுவும் கட்டாமல் வெறும் தரையில் இடும். ஒரு காலத்தில் தக்காணத்திலும் மேற்கிந்தியாவிலும் பரவலாக வாழ்ந்த இந்தப் பறவைகளில் இன்று காட்டில் இருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு என்பது அறிஞர்களின் மதிப்பீடு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இருப்பது ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான். பாலைக்குப் போகிறவர், இந்தப் பறவையையும் அது வாழும் நிலத்தையும் நடுவில் வைத்துத் தம் பிரயாணத்தை வகுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அப்படி வகுப்பவர் முதலில் நிச்சயிக்க வேண்டியது பருவம். கோடையில் அந்தப் பக்கம் போகலாகாது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் வழிக்கு அருகிலுள்ள பலோதியில் 2016 மே மாதம் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. கோடையும் மழைக்காலமும் கானமயில் முட்டையிடும் காலமும் ஆதலால், அப்போது வண்டிகள் அங்கே போகாதிருப்பது பறவைக்கும் நல்லது. கார்த்திகை முதல் மாசி வரை உகந்த காலம். பகலில் இதமான வெயிலும் இரவில் கடுங்குளிரும் இருக்கும் என்பதை மனத்தில் கொண்டு கம்பளி உடைகளை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

அடுத்தது மார்க்கம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். நேர் வழியே விரைந்துவிடாமல் பலோதிக்குத் திரும்பினால், பக்கத்திலேயே கீச்சன் என்னும் கிராமம். பனிக்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கொக்குகள் அங்கே வந்து தங்க, கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக அவற்றுக்குத் தானியம் இறைத்து வருகிறார்கள்; அந்த ஊரின் நீர்நிலைகள் 2025-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் பெற்றன. ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர் போனால் ஆகல் என்னும் இடத்தில், சுமார் பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வளர்ந்திருந்த பெருமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இவற்றைப் பார்த்த பிறகு, மேற்கே சாம் வழியாகச் சுதாசரி என்னும் புல்வெளிக்குப் போக ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பார்த்துத் திரும்பும் இடம் அன்று அது. விடியற்காலையில் போய், வண்டியின் இன்ஜினை நிறுத்திவிட்டு, தொலைநோக்கியோடு பொறுமையாகக் காத்திருப்பவர்க்கே அந்தப் புல்வெளி தன்னைக் காட்டும். கானமயில் கண்ணில் படாமலே போகலாம். அதனால் அந்த நாள் வீணாகிவிடாது.

சித்தப்படுத்திக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒன்றும் தவறலாகாது. பெட்ரோலை ஜெய்சல்மேரிலேயே நிரப்பிக்கொள்வதும், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், குடிநீரைத் தேவைக்கு இரு மடங்காக எடுத்துக்கொள்வதும், கைபேசியை மட்டும் நம்பாமல் காகித வரைபடம் ஒன்று வைத்துக்கொள்வதும் அவசியம். பூங்காவுக்குள் போக வனத்துறையின் அனுமதியை ஜெய்சல்மேரிலேயே முன்கூட்டிப் பெற வேண்டும். எல்லைப்புறப் பிரதேசமாதலால் அடையாளச் சான்று கையில் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் சாலையில் ஒட்டகமும் மாடும் படுத்துக் கிடக்கும். இராப் பிரயாணம் அறவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூரில் பிறந்து வளர்ந்த ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வது நூறு வரைபடங்களுக்கு மேல்.

செய்யத் தகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மணல்மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கும் விளையாட்டும், கூடாரங்களில் நள்ளிரவு வரை அலறும் ஒலிபெருக்கியும், வாணவேடிக்கையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; பணம் கொடுத்து அவற்றை வாங்குகிறவர்கள் நாம்தான். தடத்தை விட்டு விலகிப் புல்வெளியில் ஓடும் டயர், பல ஆண்டுகள் மணலைப் பிடித்து நின்ற சேவண் தூரை ஒரு நொடியில் பெயர்த்துவிடும். வெறும் தரையில் கிடக்கும் ஒற்றை முட்டை எந்த ஓட்டுநரின் கண்ணுக்கும் தெரியாது. படம் எடுக்கும் ஆசையில் பறவையைத் துரத்துவது, அதன் இனத்தில் எஞ்சியிருப்பவற்றுள் ஒன்றைத் துரத்துவதாகும்.

பிரயாணி செய்யும் பிழை இவ்வளவு என்றால், அதே பிழையைப் பேரளவில் செய்கிறவர்கள் திட்டம் வகுப்போர். வெயிலும் காற்றும் நிறைந்த நிலம், ஆள் நடமாட்டம் குறைவு, ஆதலால் தரிசு என்று கணக்கிட்டு, சூரிய மின்நிலையங்களையும் காற்றாலைகளையும் அங்கே குவித்துவிட்டார்கள். அவற்றிலிருந்து புறப்படும் உயரழுத்த மின்கம்பிகள் கானமயில் பறக்கும் வழியெங்கும் குறுக்கிடுகின்றன. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் நேர் எதிரே இருப்பதை அப்பறவை நன்கு காண்பதில்லை; அருகில் வந்தபின் கம்பியைக் கண்டாலும், கனத்த உடலைச் சட்டென்று திருப்ப இயலாமல் மோதி விழுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினெட்டுக் கானமயில்கள் இவ்வாறு மடிகின்றன என்பது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் இனம் இந்த நஷ்டத்தை எத்தனை காலம் தாங்கும்?

2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகுமாறு கட்டளையிட்டது. 2024-இல், சூரிய மின்சாரத்தின் அவசியத்தையும் முன்னிட்டு, அக்கட்டளையைத் தளர்த்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று அறிவுள்ளவர் எவரும் சொல்லார். பறவையின் வழித்தடத்தில் மட்டும் கம்பியைப் புதைப்பதும், புதிய நிலையங்களை உண்மையாகவே பயிரும் உயிரும் அற்ற இடங்களில் அமைப்பதும் செலவைச் சற்றுக் கூட்டும் என்பது மெய். அந்தச் செலவைத் தாங்க இயலாத வறிய தேசம் அன்று இது. சாமில் 2019-இல் தொடங்கிய வளர்ப்பு நிலையத்தில் முட்டைகள் பொரிக்கப்பட்டுக் குஞ்சுகள் வளர்கின்றன. 2024-இல் செயற்கை முறையில் கருத்தரித்த முட்டையிலிருந்தும் குஞ்சு வெளிவந்திருக்கிறது. ஆனால் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு நிலம் வேண்டுமே!

அந்த நிலத்தை இதுகாறும் காத்தவர்கள் அங்கு வாழும் ஜனங்கள். பூங்காவின் எல்லைக்குள் கிராமங்கள் பல இருக்கின்றன. மழைநீரைச் சரிவில் கரை போட்டுத் தேக்கி, நீர் வடிந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைவிக்கும் கடீன் முறை, அவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கண்டது. ஒரண் என்று பெயரிட்டுத் தெய்வத்துக்கு விட்ட மேய்ச்சல் நிலங்களில் ஒரு மரத்தையும் வெட்டாமல் காத்து வந்ததும் அவர்களே. சரணாலயச் சட்டத்தால் சாலைக்கும் மின்சாரத்துக்கும் தவிக்கும் அவர்களின் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சமைக்கும் கம்பு ரொட்டியையும் கேர்–சாங்க்ரிக் கறியையும் விலை கொடுத்து உண்டால், புல்வெளி இருப்பதால் தங்களுக்கு நன்மை உண்டு என்பது அவர்களுக்குப் பிரத்தியட்சமாகும். எந்தச் சட்டத்தையும்விட அது புல்வெளிக்கு உறுதியான காவல்.

ஆகவே, இந்தப் பனிக்காலத்தில் ஜெய்சல்மேர் போகத் திட்டமிடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மணல்மேட்டுக் கேளிக்கைக்கு ஒதுக்கிய மாலையை நீக்கிவிட்டு, புல்வெளிக்கு ஒரு நாளும், அங்குள்ள ஒரு கிராமத்துக்கு ஓர் இரவும் ஒதுக்குங்கள். திரும்பி வந்தபின், அந்த நிலத்தைத் தரிசு என்று யார் சொன்னாலும், அப்படியில்லை என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். கானமயிலுக்காகப் பேசுகிறவர்கள் இந்த தேசத்தில் இன்னும் போதுமான அளவில் இல்லை.