நாராயணவனத்து மளிகை நோட்டு



சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் பேருந்தில் ஏறினால், புத்தூருக்குச் சற்று முன்னால் நாராயணவனம் வரும். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் கைப்பிடித்த ஊர் என்பது ஐதீகம். அந்தக் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்குத்தான் திருமலை உண்டியலில் இன்னும் வட்டி சேர்கிறது என்பார்கள். சாமிக்கே கல்யாணச் செலவு கையை மீறியது என்று சொல்லும் ஊருக்கு விலைவாசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். தங்கியது ஒரு நெசவாளர் வீட்டில். அந்த மாதம் 12ஆம் தேதிதான் மத்திய அரசு அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கத்தை அறிவித்திருந்தது: 0.25 சதவீதம். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட அந்த வரிசையிலேயே மிகக் குறைந்த அளவு. இதைச் சொன்னதும் அந்த வீட்டு அக்கா அடுப்படியிலிருந்து மளிகை நோட்டை எடுத்துவந்து விரித்தார். மூலையெல்லாம் எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு. வலதுபக்கம் கடைக்கணக்கு, இடதுபக்கம் தறிக்கூலி.

"பருப்பு இறங்கியிருக்குது, நிசம்தான். காயும் இறங்கியிருக்குது. எண்ணெயைப் பாருங்கண்ணா" என்றார்.

அவர் நோட்டும் அரசின் அறிக்கையும் ஒன்றையே சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த அக்டோபரில் முந்தைய ஆண்டைவிடக் காய்கறி 27 சதவீதத்துக்கும் மேல், பருப்பு 16 சதவீதம் குறைந்திருந்தன. எண்ணெய், கொழுப்பு வகை 11 சதவீதம் ஏறியிருந்தது. புள்ளிவிவரம் பொய் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்போது நாடெங்கும் 1,181 கிராமங்களிலும் நகரங்களின் 1,114 சந்தைகளிலும் மாதாமாதம் விலை கேட்டு எழுதிவந்த பணியாளர்களின் உழைப்புக்கு அது நியாயமாகாது.

ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று காதில் விழுகிறது. போன வருஷம் இதே மாதம் இருந்த விலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதே அந்தக் கணக்கு. 2023 ஜூலையில் நம் பக்கத்து மதனப்பள்ளிச் சந்தையில் முதல்தரத் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். விலைக்குறியீட்டில் அன்று நூற்றுக்கு 0.57 மட்டுமே பங்கிருந்த அந்தத் தக்காளி, நாட்டின் பணவீக்கத்தை 7.44 சதவீதத்துக்குத் தள்ளியதில் பெரும்பங்கு வகித்தது. ஒரு கணக்குக்கு, 30 ரூபாய்த் தக்காளி 120 ஆகி, அடுத்த வருஷம் 70க்கு நிற்கிறது என்று வையுங்கள். அறிக்கையில் அது 40 சதவீதத்துக்கும் மேலான சரிவு. பையோடு கடைக்குப் போகிறவருக்கு நினைவில் இருப்பது அந்த 30தான்.

அடுத்தது கூடை, அதாவது குறியீட்டுக்காக விலை பார்க்கும் பொருள்களின் பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு பங்கு என்பதைக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து முடிவு செய்கிறார்கள். அன்றைக்கு நடப்பில் இருந்தது 2011-12இல் எடுத்த கணக்கு. டேப் ரெக்கார்டரும் கேசட்டும்கூட அந்தக் கூடையில் இருந்தன! 2026 பிப்ரவரி முதல் 2024ஐ அடிப்படையாகக் கொண்ட புது வரிசை வந்துவிட்டது. பழையன கழிந்தன, கிராமத்து வீட்டு வாடகையும் முதல்முறையாகக் கணக்கில் ஏறியது. நல்ல மாற்றம். உணவு, பானங்களின் பங்கு 45.86இலிருந்து 36.75ஆக இறங்கியது. ஓட்டல் சாப்பாட்டைத் தனிப்பிரிவாக்கியது அதற்கு ஒரு காரணம். ஆனால் 2023-24 கணக்கெடுப்பின்படி கிராமத்து வீடு சராசரியாகத் தன் செலவில் 47 சதவீதத்தை உணவுக்கே செலவழிக்கிறது. கூடையில் எடை போடுவது ரூபாயை வைத்துத்தான், தலையை எண்ணி அல்ல. அதிகம் செலவழிக்கும் வீட்டின் பழக்கம் அதில் அதிகம் பேசும். தறிவீட்டின் குரல் மெலிந்தே கேட்கும்.

தங்கத்தைப் பாருங்கள். அந்தப் பழைய கூடையில் அதன் பங்கு நூற்றுக்கு 1.08. எல்லா வீட்டுச் செலவையும் கூட்டிப் பார்த்தால் அவ்வளவுதான் வரும். பணவீக்கம் 0.25 ஆக இருந்த அதே அக்டோபரில் சென்னையில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது; டிசம்பரில் லட்சத்தைக் கடந்தது. நாராயணவனத்தில் முகூர்த்தம் குறித்துவிட்டு நகைக்கடைப் படியேறும் தகப்பனிடம் 0.25 என்று எப்படிச் சொல்வது?

எனக்கு ஆற்றாமையாக இருந்தது இவையெல்லாவற்றையும்விட அந்த நோட்டின் இடதுபக்கம். வலதுபக்கத்தில் எண்கள் ஏறியும் இறங்கியும் ஓடுகின்றன. இடதுபக்கத்தில் ஒரு பாவுக்கு இத்தனை ரூபாய் என்ற கூலி, பக்கம் பக்கமாகத் திருப்பினாலும், ஒரே எண். அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலை மட்டும் அதன்மேல் ஓட்டிக்கொண்டே போனார். மத்திய அரசு ஊழியருக்குத் தொழிலாளர் விலைக்குறியீட்டை வைத்து ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. ரிசர்வ் வங்கி 4 சதவீதத்தை இலக்காக வைத்து வட்டியை நிர்ணயிக்கிறது. குறியீடு அசைந்தால் இவையெல்லாம் அசையும். நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்ளும் முதலாளிக்கும் தறிக்காரருக்கும் நடுவே அப்படி எந்தக் கயிறும் கட்டப்படவில்லை. பணவீக்கம் பூஜ்ஜியத்தில் நின்றாலும், முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் ஏறிய ஏற்றம் அந்த வீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த இதழ்களில் இதை விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும். உங்கள் வீட்டு மளிகை நோட்டில் ஒரே ஒரு பக்கத்தைப் படியெடுத்து அனுப்புங்கள். பழைய வருஷத்துப் பக்கம் பத்திரமாக இருந்தால் அதையும் சேருங்கள். வரவு எழுதிய பக்கத்தை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்