பால்வாடியா, நர்ஸரியா?

நெய்வேலியில் ஒரு வீட்டில் குழந்தைக்கு மூன்று வயது நிறைந்துவிட்டால் போதும், கொலுவுக்கு வருகிறவர்கள்கூட, "எந்த நர்ஸரியில் போடப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். "அங்கன்வாடியில்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். "பால்வாடியா! சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள்; படிப்பு எங்கே?" என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

சோறு போடுவது ஒரு குற்றமா, சகோதரிகளே? பசித்த குழந்தைக்குப் பாட்டு ஏறுமா? 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை இவற்றோடு முன்பருவக் கல்வியும் ஓர் அங்கம். தமிழ்நாட்டில் அதற்கென்று 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே உண்டு.

கட்டணம் கட்டி நாம் தேடிப் போகும் மாண்டிசோரி முறை எங்கே பிறந்தது தெரியுமா? 1907-ல் ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்! பெற்றோர் வேலைக்குப் போனபின் தனியே திரிந்த பிள்ளைகளுக்காகத் திறந்த இல்லம் அது. மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்.

பால்வாடியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எடை பார்ப்பதும், வீடு வீடாகப் போவதும், பதிவேடு எழுதுவதும் ஒரே பணியாளர் தலையில் விழுந்தால், பாடத்துக்கு நேரம் ஏது? இதற்குப் பரிகாரமாகத்தான் 2019-ல், நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-ல் அவற்றைப் பள்ளிகளில் நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தனி ஆசிரியர்களை நியமிக்க முன்வந்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் 5,000 ரூபாயில் நல்ல ஆசிரியை எத்தனை நாள் தங்குவார் என்பதையும் நாம் கேட்கத்தானே வேண்டும்?

ஆகவே, பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு காலை வேளை உள்ளே போய் உட்காருங்கள். ஆசிரியை குழந்தையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறாரா? கதை உண்டா? ஓடியாட இடம் உண்டா? குடிநீரும் கழிப்பறையும் சுத்தமா? மூன்று வயதுப் பிஞ்சு விரலில் பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுத வைத்துப் பரீட்சையும் நடத்தினால், கட்டணம் எத்தனை ஆயிரமானாலும் அது நல்ல பள்ளி அல்ல. இந்த வயதில் எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ கூடாது என்பது தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுவின் நெறிமுறை.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14-ஆம் தேதி. நாம் குழந்தைகள் தினமாகக் கொண்டாடும் அதே நாள்! அப்படிப்பட்ட ஊரில் அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு வரிசை எதற்கு? மனு எழுதத் தெரிந்த தாய்மார்களும் தங்கள் குழந்தைகளைப் பால்வாடியில் சேர்க்கட்டும். பிறகு, ஆசிரியர் இல்லாத மையத்துக்கு ஆசிரியர் எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்று பாருங்கள்!