ஒளித்தொப்பியும் மனவடுவும்

உள்ளத்தின் காயத்தை மூளையின் பழுதாக மட்டுமே கண்டு, அப்பழுதைக் கருவியொன்றினால் நீக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை புதியதன்று. முன்மூளையின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சைக்கு 1949 இல் நோபல் பரிசே வழங்கப்பட்டது. இன்று அந்நம்பிக்கை கத்தியைக் கைவிட்டு ஒளியை ஏந்தி வந்திருக்கின்றது. தொப்பியொன்றினுட் பதித்த சிறு விளக்குகள் மண்டையோட்டினூடாக அண்மைச் செந்நிறக்கீழ் ஒளியைச் செலுத்தும். சில கிழமைகள் அதனை அணிந்துவந்தாற் போர் தந்த கொடுங்கனவுகளும் திடுக்கங்களும் தணியும் என்பர். வெட்டில்லை, வலியில்லை, மருந்தில்லை. பேச்சும் இல்லை. இக்கடைசி ‘இல்லை’யே எமது வழக்கின் பொருள்.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என நாம் வழங்கும் பெயர் ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. வியற்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படைவீரர் சிலர் 1970 இல் நியூயோர்க் நகரிற் கூடியமர்ந்து, தாம் செய்தவற்றையும் கண்டவற்றையும் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினர். ரொபேட் லிஃப்ரன், சாயிம் ஷற்றன் என்னும் உளமருத்துவர் இருவர் அவர்களோடு அமர்ந்து செவிமடுத்தனர். அக்கூட்டங்களிலிருந்து எழுந்த வாதாட்டம் பெருங்காரணமாக, 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூலில் அந்நோய் இடம்பெற்றது. (அவர்கள் குண்டு பொழிந்த ஊர்களின் மக்கள் கதை அந்நூலினுள் எவ்வளவு புகுந்தது என்பது தனியே எழுதப்படவேண்டிய விடயம்.) செவிமடுத்தலால் நிலைபெற்ற ஒரு நோய்க்குச் செவிமடாமலே தீர்வு தேடப்படுகின்றது.

ஒளிச் சிகிச்சையை வெறும் மாந்திரிகம் என ஒதுக்குவாரோடும் எமக்கு உடன்பாடில்லை. ஹங்கேரிய மருத்துவர் எந்திரே மெஸ்ரர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமோ என அறிவதற்காக 1967 அளவில் மயிர் மழித்த எலிகளின்மீது அதனைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை, மயிர் விரைந்து வளர்ந்தது. கலங்களின் இழைமணிகளிலுள்ள சைற்றோகுரோம் சீ ஒட்சிடேசு என்னும் நொதியம் இவ்வொளியை உறிஞ்ச, கலத்தின் சக்தியாக்கம் கூடுகின்றது என்பதே பெரிதும் கூறப்படும் விளக்கம். அது தள்ளத்தக்க கூற்றன்று. ஆயின் எலியின் தோல் வேறு. மனிதனின் மண்டையோடு வேறு. நெற்றியில் விழும் ஒளியின் மிகச் சிறு பங்கே மூளையின் மேற்பரப்பை எட்டும். அச்சத்தோடு பெரிதும் தொடர்புடைய அமிக்டலாவோ ஆழத்திற் கிடப்பது. முன்மூளையைத் தூண்டினால் அது அமிக்டலாவை அடக்கும் என்பர் ஆதரவாளர். இருக்கலாம். ஆய்வைத் தொடங்க அவ்வளவு போதும். விற்பனையைத் தொடங்கப் போதாது.

முன்னொருமுறை நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பாரிசவாதம் கண்டோரின் தலையில் லேசர் ஒளி பாய்ச்சிய ஆய்வு வரிசையில், 120 பேரைக் கொண்ட முதலாவது ஆய்வு 2007 இல் பெருநம்பிக்கை அளித்தது. 2009 இல் வெளிவந்த, 660 பேரைக் கொண்ட இரண்டாவது ஆய்வு பயனை நிறுவத் தவறியது. ஆயிரம் பேரைச் சேர்க்க முனைந்த மூன்றாவது, பயன் காண்பதற்கில்லையென இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மனவடு நோயைப் பொறுத்தவரை அத்துணைப் பெரிய ஆய்வுதானும் இல்லை. காட்டப்படுவன சிறு குழுக்களின் பெறுபேறுகளே. இத்தனைக்கும் சோதிப்பது கடினமன்று. 810 நனோமீற்றர் அலைநீளத்து ஒளி கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாதது. சூட்டினைச் சமப்படுத்திவிட்டால், எத்தொப்பி ஒளிர்கின்றது, எது ஒளிரவில்லை என அணிபவரும் அறியார், அணிவிப்பவரும் அறியார். நம்பிக்கையினால் வரும் தேற்றத்தையும் ஒளியினால் வரும் தேற்றத்தையும் பிரித்தறிய இதனினும் வாய்ப்பான சிகிச்சைகள் சிலவே. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில், குறித்த நோயைத் தீர்க்கும் என வாய்திறந்து கூறாதவரை, ‘பொது நலவாழ்வுக் கருவி’ என்ற போர்வையில் ஆபத்துக் குறைந்த கருவிகளை முன்நிரூபணமின்றி விற்க 2016 இன் வழிகாட்டலொன்று இடமளித்தது. வாங்குபவர் மற்றதைத் தாமே ஊகித்துக்கொள்வார்.

பேச்சுச் சிகிச்சையை இடைநடுவிற் கைவிடுவோர் பலர், பேசவே இயலாதோரும் உளர், அவர்கட்கேனும் ஒளி உதவாதா என்று கேட்பர். நேர்மையான கேள்வியே. உதவுமாயின், பேசுதற்குரிய அமைதியை அளிக்கும் துணையாக அதனை வரவேற்போம். எமது மறுப்பு துணைக்கன்று, பதிலீட்டுக்கே. ஒருவரை இருத்திக் கதை கேட்கத் தொடங்கினால், இதனைச் செய்தவர் யார் என்ற வினாவும் அங்கே வந்து அமரும். தொப்பிக்கு அத்தொல்லை இல்லை. ஆளும் நிறுவனங்களுக்கு அது உவப்பாதலில் வியப்பென்ன?

எமது நாட்டிலே இவ்விடயம் வெறும் ஏட்டுவாதமன்று. ‘மனவடு’ என்னும் நூலை எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், வடக்கின் காயத்தைத் தனிமனிதனுக்குரியதாக அன்றி, குடும்பமும் ஊரும் சிதைந்த கூட்டு மனவடுவாகக் காணவேண்டும் என வற்புறுத்தியவர். சிதைந்த ஊருக்கு எத்தொப்பியை அணிவிப்பது? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் அமர்ந்தனர். ‘பிற்பட்ட’ என்ற அடைமொழியே அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களது நெருக்கீடு இன்னும் முடியவில்லை.

2004 டிசெம்பர் ஆழிப்பேரலையை அடுத்து வடகிழக்கின் முகாம்களில், போரையும் அலையையும் ஒருங்கே கண்ட 31 சிறுவர்க்கு இரு முறைகள் ஒப்பிடப்பட்டன. ஒரு சாராரை வாழ்க்கைக் கதையை முறையாகச் சொல்லவைத்தனர். மறுசாரார்க்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியோர் பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர், அமர்வுகள் ஆறு. ஆறு மாதத்தின் பின் இரு குழுவிலும் பெரும்பாலோர் தேறியிருந்தனர். சிகிச்சை பெறாத குழுவொன்று ஒப்பீட்டுக்கு வைக்கப்படாமையால் இதனையும் மிகைப்படுத்தலாகாது. ஆனால் அங்கே தேவைப்பட்டவை, எமது மொழி தெரிந்த மனிதரும் அவர்க்குரிய பயிற்சியும் ஊதியமுமே. நாளை எமது வைத்தியசாலையொன்றுக்கு ஒளித்தொப்பியை யாரேனும் அன்பளிப்பாகக் கொணரின், ஒளிராத தொப்பியோடு ஒப்பிட்ட பேராய்வின் பெறுபேற்றை முதலிற் கேட்போம். அதன் விலையையும் அவ்வாலோசகரின் ஆண்டு ஊதியத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டும்படியும் கேட்போம்.