கலைக்கப் போவதில்லை என்றால் சோதனை எதற்கு என்கிறீர்களா?

“கலைக்கப் போறதில்லைன்னு முடிவாயிடுச்சு. அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்டு? இருக்கிற நிம்மதியும் போறதுதான் மிச்சம்.”

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் போன வாரம் இந்தப் பேச்சைக் கேட்டேன். சொன்னவர் மாமியார். தலையாட்டியவர்கள் மாமனார், கணவன், ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா. மூன்றாம் மாத ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்தில் இருக்கும் நீரின் தடிமனை அளந்து, அதோடு டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டதில், டவுன் சிண்ட்ரோமுக்கு 112-ல் 1 வாய்ப்பு என்று வந்திருக்கிறது. தாளில் ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். வயிற்றில் குழந்தையைச் சுமக்கும் பெண் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நீ என்னம்மா நினைக்கிறாய் என்று ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை.

கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாக்கியம் இது. படித்தவர்கள் சொல்கிறார்கள், நர்சுகள் சொல்கிறார்கள், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். சோதனை என்றாலே அடுத்தது கலைப்பு என்ற நினைப்பு நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. கலைக்க நினைப்பவள் பார்த்துக்கொள்ளட்டும், பெற்றுக்கொள்ள நினைப்பவள் கண்ணை மூடிக்கொள்ளட்டும் என்பதுதான் இதன் அர்த்தம். குழந்தை வேண்டும் என்று உறுதியாக இருப்பவளுக்குத்தான் அந்தக் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் தேவை அதிகம். இது ஏன் ஒருவருக்கும் உறைக்க மாட்டேன் என்கிறது?

என் அத்தை மகளைப் பற்றிச் சொல்கிறேன். தென்காசிப் பக்கம் சின்ன ஊர். இரண்டாவது குழந்தை உண்டானபோது அவளுக்கு வயது 29. வந்த கணக்கு 84-ல் 1. எது இருந்தாலும் இந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள்வேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு, தண்ணி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். வீடே அவள்மேல் பாய்ந்தது. பெற்றுக்கொள்ளப் போகிறவளுக்கு எதற்கு இது என்று அதே கேள்வி. அவள் அசையவில்லை. 16 வாரம் முடிந்ததும் மதுரையில் பனிக்குட நீரை எடுத்தார்கள். குரோமோசோம் 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 இருந்தது. 21-ஆம் எண் குரோமோசோம் மூன்று. ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாள் டாக்டரிடம் அவள் கேட்டது, “அப்போ இதயம் எப்படி இருக்கு?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறது. கருவின் இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் எக்கோ எடுத்ததில், மேலறைகளையும் கீழறைகளையும் இடம் வலமாகப் பிரிக்கும் சுவர் நடுவில் சேரவே இல்லை என்று தெரிந்தது. பிரசவத்தைச் சென்னையில், குழந்தைகளின் இதயத்துக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதி உள்ள ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஆபரேஷன் நடந்தது. இன்றைக்கு அவன் பள்ளிக்கூடம் போகிறான். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான்.

அவள் அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால்? இந்தக் கோளாறு உள்ள குழந்தை பிறந்ததும் நன்றாகத்தான் தெரியும். சில வாரம் போனால் பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும். நாலு வாய் குடித்ததும் மூச்சு வாங்கி மார்பை விட்டுவிடும். எடை ஏறாது. சீர் தட்டியிருக்கும் என்று கைவைத்தியம் பார்ப்பார்கள், பால் சேரவில்லை என்று தாயைத் திட்டுவார்கள், பவுடர் பாலை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அதற்குள் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். டவுன் குழந்தைகளுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரமே ஏறும். குழாய்கள் ஒரேயடியாகத் தடித்துவிட்டால் பிறகு அந்த ஓட்டையை அடைக்க முடியாது. அடைத்தால் குழந்தைக்கு ஆபத்து. நேரம் தப்பிவிட்டது என்று டாக்டர் சொல்லும்போது, நிம்மதி முக்கியம் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் நிற்பார்கள்?

பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? குழந்தைக்கு எக்கோ எடுக்கத் தெரிந்தவர் எல்லா ஊரிலுமா இருக்கிறார்? என் அத்தை மகளின் ஊரில் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே சென்னைக்குப் போனாள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 112-ல் 1 என்றால், அதே கணக்கு வந்த 112 பெண்களில் 111 பேருக்கு அந்தக் குறை இல்லாத குழந்தை பிறக்கும். பெரும்பாலான இடங்களில் 250-ல் 1 என்ற கோட்டைத் தாண்டினாலே ‘ஹை ரிஸ்க்’ என்று அடித்துவிடுகிறார்கள். அது முடிவு சொல்லும் சோதனை இல்லை. மேற்கொண்டு யாரைப் பார்க்க வேண்டும் என்று சலித்தெடுக்கும் சோதனை. அடுத்த சோதனையைச் செய்த பெண்களில் மிகப் பலர் நல்ல செய்தியோடு வீடு திரும்புகிறார்கள். செய்யாதவள் மிச்சமிருக்கும் ஆறு மாதமும் அந்தச் சிவப்பு எழுத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாள். நிம்மதி, நிம்மதி என்கிறீர்களே, யாருடைய நிம்மதி? மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

ஊசி குத்தினால் கரு கலைந்துவிடும் என்ற பயம் அடுத்தது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, சுமார் 15 முதல் 20 மில்லி நீர் எடுக்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால், அதனால் கரு கலைவது 1,000 பேரில் ஒருவரிலிருந்து மூவர் வரை என்பது அண்மைக் கால ஆய்வுகளின் கணக்கு. 112-ல் 1 என்றால் ‘நமக்கெல்லாம் அப்படி வராது’ என்கிறார்கள். 500-ல் 1 என்றால் ‘நிச்சயம் கலைஞ்சிடும்’ என்கிறார்கள். இது எந்த ஊர்க் கணக்கு? ஊசிக்கு உண்மையிலேயே அஞ்சுகிற பெண்ணுக்கு, 10 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கையில் ரத்தம் எடுத்துச் செய்யும் என்.ஐ.பி.டி. சோதனை இருக்கிறது. தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று டென்னிஸ் லோ 1997-ல் கண்டு சொன்னதிலிருந்து வளர்ந்தது அது. டவுன் சிண்ட்ரோமை 100-க்கு 99 வரை பிடித்துவிடும். ஆனால் அந்த டி.என்.ஏ. நஞ்சுக்கொடியிலிருந்து வருவதால் அதுவும் கடைசி வார்த்தை ஆகாது. குறை இருக்கிறது என்று வந்தால் நீர் எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் நம்பிக் கலைக்க ஓடுகிறவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். பார்க்காமல் பெற்றுக்கொள் என்பவர்களும் பார்க்காமல் கலை என்பவர்களும் எனக்கு ஒன்றுதான். என் அத்தை மகள் பார்த்துவிட்டுப் பெற்றாள்.

ஊசி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்து நெஞ்சு எரிகிறது. இந்தியாவில் பனிக்குட நீர் எடுக்கும் முறை 1970-களில் கருவின் குறைபாடுகளைக் கண்டறியத்தான் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதை ஆணா பெண்ணா என்று பார்க்கும் கருவியாக்கிவிட்டோம். பெண் கருக்கள் கொத்துக் கொத்தாக அழிந்த பிறகுதான் 1994-ல் சட்டம் வந்தது. இன்றும் ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் ‘பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது’ என்ற பலகை தொங்குவதும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்புவதும் அதனால்தான். ஆண் பிள்ளைக்காக அந்த ஊசியைத் தேடிப் போனபோது கரு கலைந்துவிடும் என்று யாரும் பயப்படவில்லை. குழந்தையின் இதயத்தைக் காப்பாற்ற அதே ஊசி என்றால் மட்டும் ‘கடவுள் கொடுத்ததைச் சோதிக்கக் கூடாது’ என்கிறார்கள்.

அந்தச் சட்டமே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. நீர் எடுப்பதற்கு முன்னால் கர்ப்பிணிக்கு அதன் விளைவுகளையெல்லாம் விளக்க வேண்டும். அவளுக்குப் புரிகிற மொழியில் எழுத்து மூலமாக அவளுடைய சம்மதம் வாங்க வேண்டும். மாமியாரின் சம்மதம், கணவனின் சம்மதம் என்று அதில் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்திலும் 18 வயது நிரம்பியவளுக்கு அவள் ஒருத்தியின் சம்மதமே போதும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுடையதுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று அவளே சொன்னால் அதற்குமேல் பேச யாருக்கும் இடமில்லை. எனக்கு ஆத்திரம், அவளுக்குப் பதிலாகக் கூடத்தில் உட்கார்ந்து நாலு பேர் வேண்டாம் என்பதில்தான்.

1990-ல் வந்த ‘அஞ்சலி’ படத்தைப் பார்த்து அழாத தமிழ்க் குடும்பம் இல்லை. குறையோடு பிறந்த குழந்தையைச் செத்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லி மறைத்து வைக்கிறான் அந்தக் கணவன். அவள் தாங்க மாட்டாள் என்பது அவன் காரணம். தன் குழந்தை உயிரோடு இருப்பதே தெரியாமல் ஒரு தாயை வைத்திருக்க இவன் யார் என்று எத்தனை பேர் கேட்டோம்? பாசத்தால் செய்தான் என்று மன்னித்துவிட்டு வெளியே வந்தோம். பெண் தாங்க மாட்டாள் என்ற அந்தப் பேச்சைத்தான் இன்றும் பேசுகிறோம். என் அத்தை மகள் தாங்கினாள். தாங்காமல் ஆறு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் அவள் கணவரின் அண்ணன்.

குறை என்று தெரிந்ததும் யார் வழியில் வந்தது என்ற விசாரணை ஆரம்பித்துவிடும். எங்கள் பரம்பரையில் இல்லை என்பார்கள். டவுன் சிண்ட்ரோமில் 100-க்கு 95, கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் நேரத்தில் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதால் வருகிறது. அதற்குப் பரம்பரையும் இல்லை, பாவ புண்ணியமும் இல்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் தவறு. சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு வகை நோய்கள். வயதாகிப் பெறுகிறவளுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை, 35 வயதில் சுமார் 350-ல் 1, 40 வயதில் 100-ல் 1. ஆனாலும் இளம் வயதில் பெறுகிறவர்களே அதிகம் என்பதால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் கீழே உள்ள தாய்மார்களுக்குத்தான் பிறக்கிறார்கள். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் குரோமோசோமின் ஒரு துண்டு இடம் மாறி ஒட்டியிருக்கும். அது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். அப்படி இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வாய்ப்பு உண்டு. அதைச் சொல்வதும் நீர் எடுத்துச் செய்யும் அதே சோதனைதான். எங்கள் பரம்பரை சுத்தம் என்று மார்தட்டுகிறவர்கள் முதலில் தங்கள் ரத்தத்தைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான், மிக மோசமான முடிவு. நீர் எடுத்தால் அவசர முடிவு இரண்டு மூன்று நாளில் வரும். முழு முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் பார்த்து முடிவு செய்யலாம். அதற்குமேல் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். 2008-ல் மும்பையில் நிகேதா மேத்தா, கருவின் இதயக் கோளாறு தாமதமாகத் தெரிந்து உயர் நீதிமன்றப் படியேறி, அனுமதி கிடைக்காமல் திரும்பினார். அன்றைய சட்டத்தின் எல்லை 20 வாரம். பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத பெண்ணுக்கு இந்த வாரங்கள் எவ்வளவு பெரியவை! அவற்றைப் பேசிப் பேசியே தின்றுவிடுகிறார்கள்.

டாக்டர்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. தாளை நீட்டி “ஹை ரிஸ்க் வந்திருக்கு, வீட்டுல பேசிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறீர்களே, அந்தப் பெண் வீட்டில் போய் யாரிடம் பேசுவாள்? 112-ல் 1 என்றால் என்ன, ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, ஊசியில் என்ன ஆபத்து, குறை இருந்தால் குழந்தை எப்படி வளரும், எங்கே பிரசவம் பார்ப்பது என்று உட்காரவைத்துச் சொல்லப் பத்து நிமிடம் போதும். டவுன் குழந்தையை வளர்க்கும் ஒரு தாயின் கைபேசி எண்ணை, அவர் அனுமதியோடு, எழுதிக் கொடுக்கலாம். என் அத்தை மகள் தன் எண்ணைத் தான் நீர் எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரியில் கொடுத்து வைத்திருக்கிறாள். கூப்பிடுகிறவர்களிடம் பெற்றுக்கொள் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆனது, காப்பீட்டில் எவ்வளவு கிடைத்தது, எந்த வயதில் நடந்தான், பேச்சுப் பயிற்சிக்கு எங்கே போகிறார்கள் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள்.