எந்தக் கிழமை வரலாம்?

மதிப்பிற்குரிய ரோரிக் – தேவிகா ராணி ரோரிக் எஸ்டேட் வாரியத்தினருக்கு,

பெங்களூரு கனகபுரா சாலையில் தங்கள் பொறுப்பில் உள்ள தாதகுணித் தோட்டத்தைப் பார்க்க எங்கள் வீட்டில் வெகுநாளாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். வழி மனப்பாடம். நீலசந்திராவிலிருந்து எம்.ஜி. ரோடுவரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக், பச்சைத் தடத்துக்கு மாறிக் கடைசி நிலையமான சில்க் இன்ஸ்டிடியூட், அப்புறம் பஸ். புளியோதரையா தயிர்சாதமா என்பதுவரை பேசி முடித்தாகிவிட்டது. எந்தக் கிழமை போகலாம் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன்; வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதுகிறேன். கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடக் கூடாதே என்றுதான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

போக ஆசைப்படுவது நானல்ல, என் மாமியார். நாற்பது வருடம் வீட்டுத் திண்ணையில் ஊதுபத்தி உருட்டியவர். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் தெருவில் பெண்கள் உருட்டியதெல்லாம் வாசனையில்லாத கச்சாப் பத்திதான். வாசனை ஏறுவது கம்பெனிக்குப் போன பிறகு. கைக்கு வந்தது கரியும் பசையும். தாதகுணியில் லினலோ மரங்கள் உண்டென்றும், மெக்சிகோவிலிருந்து வந்த அந்த மரத்தின் பழத்தோலில் வடிக்கும் எண்ணெய் வாசனைத் திரவியங்களுக்குப் போகிறதென்றும் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். “அந்தக் காயை ஒருதரம் கசக்கிப் பார்க்கணும்” என்கிறார். ஓவியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தேவிகா ராணியைத் தெரியும்.

தேவிகா ராணி அம்மையாரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. பம்பாய் டாக்கீஸை 1934இல் தொடங்கியவர்களில் ஒருவர், தாதாசாகேப் பால்கே விருதின் முதல் பெயர். 1945இல் ரஷ்ய ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கை மணந்து திரையை விட்டார். இருவரும் பிற்பாடு தாதகுணியில் ஏறக்குறைய 468 ஏக்கரில் மரம் வளர்த்தார்கள், ரோரிக் வரைந்தார். 1993 ஜனவரியில் கணவரும், 1994 மார்ச்சில் மனைவியும் காலமானார்கள். பிள்ளைகள் இல்லை. நிலம் யாருக்கு என்று வழக்கு வந்ததில் வியப்பில்லை.

அப்போதுதான் கர்நாடக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. இதை மனப்பூர்வமாகவே சொல்கிறேன். 1996இல் தனிச்சட்டம் இயற்றித் தோட்டத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எதற்காக என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது: லினலோவையும் மற்ற மரங்களையும், ஓவியங்களையும் கலைப் பொருட்களையும் காக்க, கலைக்கூடமும் அருங்காட்சியகமும் அமைக்க. பதினைந்து வருடம் வழக்கு நடந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இது பொதுநோக்கத்துக்காக எடுத்த நிலம், சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பொதுநோக்கம். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தாங்கள் வென்றீர்கள். அந்தப் ‘பொது’வில் என் மாமியாரும் ஒருவர் என்று நினைக்கிறேன். அவர் பெயரையும் சேர்த்து வாதாடித்தான் 468 ஏக்கர் கிடைத்தது. தகவல்தான் அவருக்கு வரவில்லை.

தீர்ப்புக்கு எட்டு வருடம் கழித்து, 2019இல், அருங்காட்சியகத் திறப்புவிழா அழைப்பிதழ் வந்திருக்க வேண்டிய இடத்தில், அங்கே திரைப்பட நகரம் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய நிலம், யானைகள் வந்துபோகிற நிலம். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் கைவிடப்பட்டது. நன்றி. ஆனால் கலைக்கூடத்துக்கென்று நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்ற இடத்தில் படப்பிடிப்புத் தளம் போடலாம் என்று ஒரு கூட்டத்தில் எவருக்கோ தோன்றியது பாருங்கள், அந்த வேளையில் 1996ஆம் வருடச் சட்டத்தை மேசைமேல் எடுத்துவைக்க அறையில் ஒருவரும் இல்லையா என்பதை மட்டும் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முடியாத காரியம் என்று சொல்லவும் வழியில்லை. அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு முதலியார் வாழ்ந்த மாளிகையை 2000இல் மத்திய கலாசார அமைச்சகம் குத்தகைக்கு வாங்கியது. 2009 பிப்ரவரியில் தேசிய நவீன கலைக்கூடமாகக் கதவு திறந்தது. பழைய மரங்களை விட்டுவைத்து, அவற்றுக்கு ஒதுங்கிப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். மாமியாரை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். படங்களை மரியாதைக்காகப் பார்த்தார்; மர நிழலில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் செடிக்கென்று இருப்பது மாடியில் ஒரு பெயிண்ட் டப்பாவும் அதில் ஒரு துளசியும்தான்.

ரோரிக்கின் ஓவியங்களைப் பார்க்க வேண்டுமானால் குமார கிருபா சாலைக்குப் போங்கள், சித்ரகலா பரிஷத்தில் அவருக்கென்றே கூடம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, பார்த்திருக்கிறோம். அவர் எந்த வெளிச்சத்தில் நின்று வரைந்தாரோ அந்த வெளிச்சத்தைச் சுவரில் மாட்ட முடியாதல்லவா?

தாதகுணியில் வேலை நடக்கிறது, சீக்கிரம், விரைவில் என்று அவ்வப்போது நாளிதழில் வாசிக்கிறோம். அவசரப்படுத்தவில்லை. உணவகம், பொம்மை ரயில், இசை நீரூற்று எதுவும் நாங்கள் கேட்கவில்லை. 468 ஏக்கரில் பெரும்பகுதி யானைக்கும் மரத்துக்குமே இருக்கட்டும். நாங்கள் வேலிக்கு இப்பால் நடந்துகொள்கிறோம்.

கேட்பது சிறியது. என்றைக்குத் திறப்பு, என்ன கட்டணம், எத்தனை மணிவரை என்று வாசலில் கன்னடத்தில் ஒரு பலகை. எங்களுக்குக் கன்னடம் வாசிக்க வரும். முட்டி தேய்ந்தவர்கள் நடக்க ஒரு சமதளப் பாதை, வழியில் ஓரிரு கல் பெஞ்சு. லினலோ காய்க்கும் மாதம் எது என்று தோட்டக்காரரிடம் கேட்டுப் பலகையில் அதையும் எழுதிவிட்டால் பெரிய உபகாரம். ஞாயிறாக இருந்தால் பேரனும் கூட வருவான்.

இப்படிக்கு,
நீலசந்திராவிலிருந்து ஒரு குடும்பத்துக்காக,
மருமகள்